வஹாக்காப் பள்ளத்தாக்கு: மோன்தே அல்பான் மட்டும் போதுமா, மித்லாவும் பார்க்கவேண்டுமா?

கொடிவழி எழுதியது:

வணக்கம். ஜனவரி கடைசி வாரத்தில் அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு மெக்சிகோவில் வஹாக்கா போகலாம் என்றிருக்கிறேன். நான் ஹூஸ்டனில் வேலை பார்க்கிறேன், அவர்கள் ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார்கள். கையில் முழுதாக ஐந்து நாள் இருக்கிறது.

அப்பா வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கோயிலுக்குப் போனாலும் சாமி கும்பிடுவதற்கு முன்னால் கல்வெட்டைத் தேடுகிற ஆள். அம்மாவுக்கு மூட்டுவலி. சுத்த சைவம், முட்டைகூட எடுக்கமாட்டார்.

நான் படித்தவரை எல்லோரும் சொல்வது இதுதான்: மலைமேல் இருக்கும் பழங்கால நகர இடிபாடான மோன்தே அல்பானுக்கு ஒரு நாள். இன்னொரு நாள் வேன் டூர்: துலே ஊரின் பெரிய மரம், நெசவு ஊர், மித்லா இடிபாடு, கல்லாய் உறைந்த அருவி, மெஸ்கால் சாராயம் காய்ச்சும் இடம், எல்லாம் ஒரே நாளில். மித்லா சின்ன இடம், மோன்தே அல்பான் பார்த்தவர்களுக்கு அது தேவையில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படியானால் அதை விட்டுவிட்டு மிச்ச நாளைக் கடற்கரையில் கழிக்கலாமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

நடைவண்டி எழுதியது:

அந்த ஒரு நாள் டூரில் நான் போயிருக்கிறேன். பெரியவர்களை வைத்துக்கொண்டு போகாதீர்கள். காலை எட்டரைக்கு ஏற்றினார்கள், இறக்கிவிட்டது இரவு எட்டு மணிக்கு. மித்லாவில் கிடைத்தது 40 நிமிடம். அதிலும் பாதி நுழைவுச்சீட்டு வரிசையிலும் கழிவறையிலும் போய்விட்டது. ஆனால் மெஸ்கால் கடையில் ஒன்றே கால் மணி நேரம் உட்காரவைத்தார்கள். கம்பளக் கடையில் இன்னொரு மணி நேரம்.

மித்லா எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. நாலு சுவர், அதில் கோலம்போலக் கல் வேலை, பக்கத்தில் ஒரு தேவாலயம். மோன்தே அல்பான்தான் மனதில் நிற்கிறது. அதற்கு ஒன்றரை நாள் கொடுங்கள், மிச்சத்தை நகரத்திலேயே நிதானமாகக் கழியுங்கள் என்பேன்.

மலைச்சாரல் எழுதியது:

கொடிவழி, நான் ஆறு வருடமாக மெக்சிகோ நகரத்தில் இருக்கிறேன். வஹாக்காவுக்கு எட்டோ ஒன்பதோ தடவை போயிருப்பேன். மித்லாவை விடாதீர்கள். நடைவண்டி சொல்கிற வருத்தம் நியாயமானது, ஆனால் அந்தத் தவறு 40 நிமிடத்துடையது, மித்லாவுடையது இல்லை.

கடற்கரை பற்றி முதலில். புவெர்த்தோ எஸ்கோந்தீதோவுக்குப் புதுச் சாலை 2024-ல் திறந்துவிட்டது. அதில் போனாலும் மலைவழியாக மூன்று மணி நேரம் ஆகும். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று உங்கள் ஐந்தில் இரண்டு கரைந்துவிடும். கடல் ஹூஸ்டன் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்போது இடிபாடுகள். வஹாக்காப் பள்ளத்தாக்கு மூன்று கை விரித்த மாதிரி இருக்கும். மூன்று கைகளும் சேரும் இடத்தில் ஒரு மலை. அதன் உச்சியைச் சமப்படுத்திக் கட்டியதுதான் மோன்தே அல்பான். சமவெளியிலிருந்து 400 மீட்டர் உயரம். கி.மு. 500 வாக்கில் சபோதெக் மக்கள் அதைத் தொடங்கினார்கள். மேலே ஆறோ பெரிய ஊற்றோ கிடையாது, விவசாயத்துக்கும் ஏற்ற இடமில்லை. ஆனாலும் மூன்று பக்கமும் வருவோர் போவோர் அத்தனை பேரையும் அங்கிருந்து பார்க்கலாம். மலைச்சரிவில் 2,000-க்கும் மேற்பட்ட படிமேடைகளை ஆய்வாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். மக்கள் குடியிருந்தது அவற்றில்தான். உச்சக்கட்டத்தில் 25,000 பேர் அளவுக்கு இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

கி.பி. 800 வாக்கில் அந்தத் தலைநகரம் தளர்ந்து, மெல்ல மெல்லக் காலியாகிறது. ஆனால் மக்கள் எங்கும் காணாமல் போகவில்லை. கீழே இறங்கிச் சிறுசிறு அரசுகளாக இருந்தார்கள்: கிழக்குக் கையில் யாகுல், மித்லா, தெற்குக் கையில் சாச்சிலா. ஸ்பானியர் 1521-ல் வந்தபோது அவர்கள் பார்த்தது இந்த ஊர்களைத்தான். மேலே மலை அப்போதே பழங்காலமாகியிருந்தது. மோன்தே அல்பானோடு திரும்பிவிட்டால் உங்கள் அப்பா பாதிக் கதையில் எழுந்துவந்த மாதிரி இருக்கும்.

இன்னொன்று, ஊர்ப் பெயரை எழுத்துப் பார்த்து "ஓக்சாக்கா" என்று சொன்னால் அங்கே யாருக்கும் புரியாது. வஹாக்கா.

சிற்றுளி எழுதியது:

நடைவண்டி, "நாலு சுவர், கோலம்போலக் கல் வேலை" என்றீர்களே, அந்தக் கல் வேலையைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். நான் கட்டுமானத் துறையில் இருப்பவன். மித்லாவில் இரண்டு நாள் முழுக்க அந்தச் சுவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூரத்தில் பார்த்தால் பெரிய பலகைக் கல்லில் செதுக்கியது போலத் தெரியும். சில இடங்களில் அப்படியும் உண்டு. பெரும்பாலும் அது செதுக்கு வேலை இல்லை, அடுக்கு வேலை. விரல் நீளம், கை நீளம் உள்ள ஆயிரக்கணக்கான கல் துண்டுகளைத் தனித்தனியாக வெட்டி, ஒவ்வொன்றின் முகத்தையும் வேறுவேறு அளவுக்கு வெளியே நீட்டவிட்டு, சுவரில் பொருத்தியிருக்கிறார்கள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே பூச்சுச் சாந்து தெரியாத அளவுக்கு நெருக்கம். வெயில் சாயும்போதுதான் அது படம் ஆகிறது: படிப்படியாக ஏறும் கோடு, அது முடியும் இடத்தில் சுருளும் கொக்கி. ஒரு பட்டையில் உள்ள வடிவம் அடுத்ததில் இல்லை. இரும்பு உளி இல்லாத காலத்தில், கல்லைக் கல்லால் தட்டித் தேய்த்து இந்த நேர்க்கோட்டைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அதிலுள்ள பொறியியல். அது நிலநடுக்கப் பூமி. பெரிய பலகை ஆட்டத்தில் வெடித்துவிடும். சிறு துண்டுகள் தங்களுக்குள்ளே கொஞ்சம் நகர்ந்து கொடுத்து மறுபடி உட்கார்ந்துகொள்ளும். இதை மனதில் வைத்துத்தான் அப்படிக் கட்டினார்களா என்பது வேறு கேள்வி. அறுநூறு எழுநூறு வருடம் கழித்தும் சுவர் நிற்கிறது. வாசல்களுக்கு மேலே கிடக்கும் உத்தரக் கல்லைப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரே கல், டன் கணக்கில் எடை. தூண் மண்டபத்தில் ஆறு தூண்கள், அவையும் ஒற்றைக் கற்கள். கூரை இப்போது இல்லை, அதனால் தூண்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன.

காலை பத்து மணிக்கு முன்போ, மாலை மூன்றரைக்கு மேலோ போங்கள். உச்சி வெயிலில் நிழல் விழாது, கோலம் மறைந்துவிடும். நடைவண்டி போன நேரம் நடுப்பகலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நடைவண்டி எழுதியது:

ஆமாம், ஒரு மணி. நீங்கள் சொன்னபிறகு என் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒரு படத்தில் மட்டும் ஓரத்துச் சுவரில் நிழல் விழுந்திருக்கிறது. நீங்கள் சொல்வது அதில் தெரிகிறது. சரி, மித்லாவைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். டூரைப் பற்றி எழுதியதில் மாற்றம் இல்லை.

அவரைப்பந்தல் எழுதியது:

அம்மாவின் சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். "சின் கார்னே", அதாவது கறி இல்லாமல் என்று கேட்டால் மட்டும் போதாது. அங்கே பன்றிக் கொழுப்பைக் கறிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெரிய அப்பளம் போல மொறுமொறுப்பாக வரும் த்லாயூதாவில் அடியில் தடவுவது அசியென்தோ என்ற பன்றிக் கொழுப்பு வண்டல். கறுப்பு பீன்ஸ் மசியலிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். மோலே குழம்பு பெரும்பாலும் கோழி வேகவைத்த தண்ணீரில்தான். அதனால் மூன்று சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்: சின் கார்னே, சின் மன்தேகா (பன்றிக் கொழுப்பு இல்லாமல்), சின் அசியென்தோ. உப்பும் கவனம், பழத்தின்மேல் தூவித் தரும் சிவப்பு உப்பில் புழுவை அரைத்துச் சேர்த்திருப்பார்கள்.

கவலை வேண்டாம், சாப்பிட நிறைய இருக்கிறது. பூசணிப்பூவும் கெசியோ பாலாடைக்கட்டியும் வைத்த மக்காச்சோள ரொட்டி, கறுப்பு பீன்ஸ் (கொழுப்பில்லாமல் கேட்டு), அவகாடோ, வாட்டிய சப்பாத்திக்கள்ளி மடல். தேஹாத்தே என்று ஒரு பானம், மக்காச்சோளமும் கொக்கோவும் அரைத்துக் கையாலேயே அடித்து நுரை எழுப்பித் தருவார்கள், அதில் பாலும் கிடையாது. காலையில் சுடச்சுடச் சாக்லெட்டைத் தண்ணீரிலும் கரைத்துத் தருவார்கள். கூடத் தரும் பன்னில் மட்டும் முட்டை உண்டு, அம்மாவுக்கு வேண்டாம்.

மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, தோலைக் கழுவிவிட்டுத்தான் அரைக்கிறார்கள். சத்து உடம்பில் சேர்வது அதனால்தான். மித்லா போகும் வழியில் கிலா நாக்கித்ஸ் என்று ஒரு குகை இருக்கிறது. அங்கே கிடைத்த பூசணி விதைகள் சுமார் 10,000 வருடத்துக்கு முந்தையவை, மனிதர் வளர்த்த பூசணி. மக்காச்சோளக் கதிர்கள் 6,000 வருடத்துக்கு மேல். யாகுல், மித்லாப் பக்கத்துக் குகைகளை 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததே இதற்காகத்தான். குகைக்குள் நீங்கள் போகவேண்டியதில்லை. வண்டியிலிருந்து அந்தப் பாறைகளைப் பார்த்துவிட்டு, அப்புறம் தட்டில் இருக்கும் பூசணிப்பூவைப் பாருங்கள்.

கொடிவழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மித்லா உறுதி. அப்பாவுக்கு இதையெல்லாம் படித்துக் காட்டினேன், அவர் கேட்கும் கேள்விகள்: இவர்கள் மாயாவா, ஆஸ்டெக்கா, இரண்டும் இல்லையா? கல்வெட்டு இருக்கிறதா, படிக்க முடியுமா? எனக்கு ஒரு கேள்வி: இருவரும் அமெரிக்கச் சுற்றுலா விசாவில் வந்திருக்கிறார்கள், மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டுமா?

மலைச்சாரல் எழுதியது:

விசா: செல்லுபடியாகும் அமெரிக்க விசா கடவுச்சீட்டில் இருந்தால் இந்தியர்களுக்கு மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை. அவர்களுடைய அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், திரும்பி வரவேண்டுமே.

அப்பாவின் கேள்வி: இரண்டும் இல்லை. மாயா மக்கள் கிழக்கே யூக்கத்தான், சியாப்பாஸ், குவாத்தமாலா பக்கம். ஆஸ்டெக் பேரரசு பிற்காலத்தது, மெக்சிகோ நகரப் பக்கம். 15-ஆம் நூற்றாண்டில்தான் அவர்கள் படை வஹாக்காவுக்கு வந்தது. இந்தப் பள்ளத்தாக்கு சபோதெக் மக்களுடையது. மேற்கு மலைகளிலிருந்து வந்த மிஸ்தெக் மக்களும் கடைசி நூற்றாண்டுகளில் கலந்தார்கள். சபோதெக் மொழிகளை இன்றும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பேசுகிறார்கள். பல ஊர்களின் சபோதெக் ஒன்றுக்கொன்று புரியாது, அதனால்தான் மொழிகள் என்று பன்மையில் சொன்னேன். மித்லா போகும் வழியிலுள்ள த்லகோலூலா ஊர்ச் சந்தையில் காது கொடுத்துக் கேளுங்கள்.

"மித்லா" என்பதே சபோதெக் பெயர் இல்லை. ஆஸ்டெக்குகள் பேசிய நாவாத்ல் மொழியில் மிக்த்லான், இறந்தோர் உலகம், அதிலிருந்து வந்தது. சபோதெக்கில் லியோபா, இளைப்பாறும் இடம். ஊர்க்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

கல்வெட்டு: அமெரிக்கக் கண்டங்களின் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று இங்கேதான். நாள்காட்டிக் குறிகள், நாள் பெயரால் வைத்த ஆட்பெயர்கள், எண்கள் இவற்றை அடையாளம் காண முடிகிறது. கோடும் புள்ளியும்தான் எண்: புள்ளி ஒன்று, கோடு ஐந்து. மாயா எழுத்து அளவுக்கு இது இன்னும் திறக்கவில்லை. அப்பாவுக்கு இது வருத்தமாக இருக்காது என்று நினைக்கிறேன். படிக்காத கல்முன் நிற்பது அவருக்குப் பழக்கமானதுதானே.

நடைவண்டி எழுதியது:

மோன்தே அல்பானில் "நடனமாடுபவர்கள்" என்று ஒரு வரிசைக் கற்கள் இருக்கும். கை கால் வளைத்து ஆடும் ஆட்கள். எங்கள் வழிகாட்டி அவர்கள் எல்லோரும் நரபலி கொடுக்கப்பட்டவர்கள் என்று சொல்லி அம்மாமார்களைப் பயமுறுத்தினார். அது உண்மையா, டூருக்காகச் சொல்வதா?

சிற்றுளி எழுதியது:

நல்ல கேள்வி. அந்தக் கற்கள் 300-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன, மோன்தே அல்பானின் தொடக்க காலத்தவை. உடல் நெகிழ்ந்து வளைந்திருப்பதைப் பார்த்து 19-ஆம் நூற்றாண்டில் நடனக்காரர்கள் என்று பெயர் வைத்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. கண்கள் மூடியிருக்கின்றன, வாய் திறந்திருக்கிறது, பலருக்கு உடையில்லை, இடுப்பின் கீழே பூச்சுருள் போன்ற ஒன்று இருக்கிறது. அது அறுக்கப்பட்ட உறுப்பிலிருந்து வழியும் ரத்தம் என்பது பலர் ஏற்கும் வாசிப்பு: பிடிபட்ட எதிரிகள், கொல்லப்பட்டவர்கள். சில தலைகளுக்குப் பக்கத்தில் உள்ள குறிகள் அவர்கள் பெயராக இருக்கலாம். இதற்கு மாறாக, இவர்கள் கைதிகளே இல்லை, போர்வீரர் குழுவினர் தங்கள் உடலிலிருந்தே ரத்தம் எடுத்துத் தெய்வத்துக்குக் கொடுக்கும் சடங்கு இது என்று வாதாடும் ஆய்வாளர்களும் உண்டு. ஆக, வழிகாட்டி பொய் சொல்லவில்லை, ஒரு பக்கத்தை மட்டும் சொல்லியிருக்கிறார்.

எனக்கு முதல் வாசிப்புதான் சரியென்று படுகிறது. பக்கத்திலேயே சான் ஹொசே மொகோத்தே என்ற, இன்னும் பழைய ஊரில் இதேபோல விழுந்து கிடக்கும் ஆளின் கல் ஒன்று வாசல்படியாகக் கிடந்தது. உள்ளே போகிற ஒவ்வொருவரும் அதை மிதித்துத்தான் போயிருக்கவேண்டும். தன் வீரனை யாரும் வாசல்படியில் போடமாட்டார்கள்.

மைதானத்தின் தென்பக்கம் அம்புமுனை வடிவத்தில் ஒரு கட்டடம் நிற்கும், ஜே கட்டடம் என்பார்கள். மற்றவை எல்லாம் வடக்கு தெற்காக இருக்க, இது மட்டும் திருகி நிற்கிறது. வான் நோக்குவதற்கு என்று சிலர் சொல்வார்கள். அதன் சுவர்க் கற்களில் மலைக்குறியும், அதன் கீழே தலைகீழான தலையும் இருக்கும். வென்ற ஊர்களின் பட்டியல் என்று தொல்லியலாளர் அல்போன்சோ காசோ வாசித்தார்.

அதே காசோதான் 1932 ஜனவரியில் ஏழாம் கல்லறையைத் திறந்தவர். சபோதெக்குகள் கட்டிய கல்லறை, பல நூற்றாண்டு கழித்து மிஸ்தெக்குகள் திறந்து தங்கள் ஆட்களை உள்ளே வைத்தது. தங்கம், வெள்ளி, பச்சைக்கல், முத்து, நீலக்கல் பதித்த மண்டையோடு, எழுத்து செதுக்கிய எலும்புகள். இவை இருப்பது மலையில் இல்லை, நகரத்தில் சான்தோ தோமிங்கோ மடத்து அருங்காட்சியகத்தில். அந்த எலும்புப் பட்டைகள் சிறிய நெசவுக் கத்திகள், உள்ளே முதன்மையாக வைக்கப்பட்டவர் ஒரு பெண் என்று பின்னால் வாதாடினார்கள். தங்கத்தைப் பார்க்கும் கூட்டம் அந்த எலும்புகளை ஒதுக்கிப் போய்விடும். நீங்கள் போகாதீர்கள்.

அவரைப்பந்தல் எழுதியது:

நெசவு என்று வந்துவிட்டதால்: டூர் கம்பளக் கடையில் நிறுத்தியது என்று நடைவண்டி சலித்துக்கொண்டார். ஆனால் தெயோதித்லான் ஊருக்குத் தனியாகப் போங்கள், தறி இருக்கும் எந்த வீட்டிலாவது கேளுங்கள். உலர்ந்த சாம்பல் நிறப் பூச்சி ஒன்றைக் கையில் வைத்து நசுக்கிக் காட்டுவார்கள், உள்ளங்கை ரத்தச் சிவப்பாகும். எலுமிச்சை பிழிந்தால் ஆரஞ்சு, சுண்ணாம்பு தூவினால் ஊதா. அதுதான் கொச்சினீல், சப்பாத்திக்கள்ளி மடலில் வளரும் பூச்சி. ஒரு பவுண்டு சாயத்துக்கு 70,000 பூச்சி வேண்டும் என்பார்கள். ஸ்பானியர் காலத்தில் மெக்சிகோவின் ஏற்றுமதியில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதற்குத்தான். வஹாக்கா நகரத்துப் பெரிய தேவாலயங்களைக் கட்டிய பணத்தில் இந்தப் பூச்சியின் பங்கு பெரிது. நீலத்துக்கு அவுரி, அது நமக்குத் தெரிந்ததே.

இதற்கு நம்ம ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. ஸ்பானியர் இந்தச் சாயத்தை உலகத்துக்கே தனியாக விற்றுக்கொண்டிருந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதில் பங்கு வேண்டும் என்று சென்னையில் இருந்த மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780-களிலேயே விடாமல் எழுதினார். சைதாப்பேட்டையில் இதற்காகவே கள்ளித் தோட்டம் போட்டார்கள். 1795-ல் பிரேசிலிலிருந்து பூச்சியும் வந்தது. ஆனால் வந்தது வேறு இனம், காட்டுப் பூச்சி, சாயம் மட்டம். அது தென்னிந்தியாவில் பரவிக்கிடந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது, அவ்வளவுதான். வஹாக்காவின் பூச்சி மனிதர்கள் பல தலைமுறை பார்த்துப் பார்த்து வளர்த்தது. வைக்கோல் கூட்டில் தாய்ப் பூச்சியை வைத்து மடலில் கட்டி, மழையிலிருந்து காத்து வளர்ப்பார்கள். அந்தக் கைப்பழக்கம் கப்பலில் ஏறவில்லை.

வடகரை எழுதியது:

இவ்வளவு பேசிவிட்டு தெற்குக் கையை யாரும் தொடவில்லையே. மலைச்சாரல் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சாச்சிலாவும் குயிலாபானும் ஒரு அரை நாளில் முடியும், வேன் டூர்கள் அந்தப் பக்கம் குறைவாகத்தான் வரும்.

குயிலாபானில் கூரையில்லாத பெரிய தேவாலயம் ஒன்று நிற்கும். 16-ஆம் நூற்றாண்டில் தொடங்கிக் கட்டி முடிக்காமலே விட்டது. இரண்டு வரிசைத் தூண்கள், மேலே வானம். மெக்சிகோவின் இரண்டாம் குடியரசுத் தலைவர் விசென்தே கெர்ரேரோ 1829-ல் அடிமை முறையை ஒழித்தவர். 1831 பிப்ரவரி 14 அன்று அவரைச் சுட்டுக்கொன்றது இந்த ஊரில்தான்.

சாச்சிலா சபோதெக் அரசர்களின் கடைசித் தலைநகரம். இடிபாடு என்று பார்த்தால் ஒரு மண்மேடு, இரண்டு கல்லறை, அவ்வளவே. அங்கே தோண்ட 1947-ல் காசோ போனார், ஊர்க்காரர்கள் விரட்டிவிட்டார்கள். 1953-ல் இக்னாசியோ பெர்னால் போனார், அவருக்கும் அதேதான். 1962-ல் ராணுவக் காவலோடுதான் தோண்ட முடிந்தது. எடுத்தவற்றில் சிறந்தவை மெக்சிகோ நகரத்துக்குப் போய்விட்டன. எங்கள் முன்னோரை ஏன் எழுப்புகிறீர்கள் என்று அந்த மக்கள் கேட்ட கேள்வி எனக்குத் தவறாகப் படவில்லை. அந்த மேட்டில் நிற்கும்போதெல்லாம் அதைத்தான் நினைப்பேன். வியாழக்கிழமை அங்கே சந்தை. அன்றைக்குப் போங்கள்.

மலைச்சாரல் எழுதியது:

வடகரை சொன்னதை முழுக்க ஏற்கிறேன். கொடிவழி, உங்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன், கிழமை பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

வியாழன் சாச்சிலா, குயிலாபான். வெள்ளி காலை மோன்தே அல்பான், திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். நிழல் கிடையாது, தொப்பி, தண்ணீர் கட்டாயம். நுழைவாயிலிலிருந்து கொஞ்சம் ஏறவேண்டும். பெரிய மைதானத்துக்குப் போய்விட்டால் சமதரை, அம்மா நடக்கலாம். வடக்கு மேடைப் படிகள் செங்குத்து, அப்பா மட்டும் ஏறட்டும். நடனக் கற்களில் சிலவற்றின் அசல் நுழைவாயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சனி முழுக்க மித்லாவும் யாகுலும், ஒரு டாக்சியை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்ளுங்கள். யாகுலில் கூட்டமே இருக்காது, பள்ளத்தாக்கின் மிகப் பெரிய பந்தாட்டக் களங்களில் ஒன்று அங்கே. ஞாயிறு த்லகோலூலா சந்தை. இடிபாடுகளுக்கு ஞாயிறு வேண்டாம், மெக்சிகோ நாட்டவருக்கு அன்று இலவசம், கூட்டம் அதிகம். சான்தோ தோமிங்கோ அருங்காட்சியகம் திங்கள் மூடியிருக்கும், அதனால் புதனே பார்த்துவிடுங்கள்.

அந்த மடம் நீண்ட காலம் ராணுவக் குடியிருப்பாக இருந்தது. 1990-களில் காலியானபோது அதை ஓட்டலாக்கும் பேச்சும் எழுந்தது. ஓவியர் பிரான்சிஸ்கோ தொலேதோவும் அவரோடு நின்றவர்களும் போராடித்தான் இன்று அது அருங்காட்சியகமும் செடித் தோட்டமுமாக இருக்கிறது.

பெனிதோ ஹுவாரெஸ் வளர்ந்த வீடும் பக்கத்தில்தான். 1818-ல் பன்னிரண்டு வயதில், ஸ்பானிஷ் தெரியாத சபோதெக் பையன் மலையிலிருந்து நடந்து இந்த நகரத்துக்கு வந்தான். புத்தகம் கட்டும் ஒருவர் வீட்டில் இடம் கிடைத்தது. நாற்பது வருடத்தில் நாட்டின் தலைவரானார். ஆசிரியராக இருந்தவருக்கு அந்தச் சின்ன வீடு பிடிக்கும்.

சாலை மறியல் அங்கே அடிக்கடி நடக்கும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஊர் திரும்பும் நாளில் விமான நிலையத்துக்கு முன்கூட்டியே கிளம்புங்கள்.

கொடிவழி எழுதியது (பிப்ரவரியில்):

போய்வந்துவிட்டோம். வியாழன் மட்டும் தவறிவிட்டது, விமானம் ஒரு நாள் தள்ளிப்போனதால் சாச்சிலாவைத் திங்களுக்கு மாற்றினோம். சந்தை கிடைக்கவில்லை. செடித் தோட்டத்துக்கும் நேரமில்லை.

மோன்தே அல்பானில் அப்பா மூன்று மணி நேரம் இருந்தார். ஆனால் அவரை நிறுத்தியது மித்லாதான். சிற்றுளி சொன்னபடி காலையிலேயே போனோம். இடிபாட்டின் மேலேயே சான் பாப்லோ தேவாலயம், பழைய அரண்மனைக் கல்லைப் பிரித்துக் கட்டியது. அதன் பின்சுவரை ஒட்டியே கோலச் சுவர் தொடர்கிறது, எது எங்கே முடிகிறது என்று உடனே சொல்ல முடியாது. அப்பா அந்த மூலையில் நின்று கையால் தொடாமல் கண்ணால் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வழிகாட்டி மித்லா ஊர்க்காரர். தேவாலயத்தின் அடியில் பெரிய அறைகள் மூடிக்கிடக்கின்றன என்று 17-ஆம் நூற்றாண்டில் புர்கோவா என்ற துறவி எழுதிவைத்ததையும், சில வருடம் முன்பு கருவி வைத்து ஆராய்ந்ததில் தரைக்கடியில் வெற்றிடங்கள் தெரிந்ததையும் சொன்னார். தோண்டுவார்களா என்று அப்பா கேட்டார். மேலே இன்னும் பூசை நடக்கிறதே என்றார் அவர்.

ஒரு தூணைக் கட்டிப்பிடித்தால் மிச்ச ஆயுள் எவ்வளவு என்று தெரியும் என்பார்களாம், இப்போது அதைத் தொட விடுவதில்லை. அம்மாவுக்கு அதில் நிம்மதி.

த்லகோலூலாவில் அம்மாவை நகர்த்த முடியவில்லை. மூன்று கால் வைத்த அம்மிக் கற்கள் வரிசையாக விற்பனைக்கு இருந்தன. ஒரு பாட்டி முழந்தாளிட்டுக் கொக்கோ அரைத்துக்கொண்டிருந்தார், அடியில் கொஞ்சம் தணல், கல் சூடாக இருந்தால்தான் கொக்கோ இளகுமாம். குழவியின் இரண்டு முனையையும் பிடித்து முன்னே தள்ளி இழுக்கும் விதம் எங்கள் வீட்டில் பார்த்ததேதான். அம்மா சைகையிலேயே கேட்டு, குனிந்து நான்கு இழுப்பு இழுத்தார். பாட்டி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கோணத்தை மாற்றிவிட்டார். அம்மிக்கல் விமானத்தில் வராது என்பதால் சாக்லெட்டைக் கடையும் மர மத்து ஒன்று வாங்கினோம். அவரைப்பந்தல் சொன்ன மூன்று சொல்லை அம்மா மனப்பாடம் செய்துவிட்டார். ஐந்து நாளும் வயிற்றுக்குக் கேடில்லை.

நடைவண்டி எழுதியது:

படிக்கவே நிறைவாக இருக்கிறது. அடுத்த தடவை நானும் டாக்சி பேசித்தான் போவேன். சாச்சிலா எப்படி இருந்தது, அதைச் சொல்லவில்லையே?

கொடிவழி எழுதியது:

மேட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை. காவலர் இரும்பு மூடியைத் திறந்துவிட்டார். படி குறுகல், ஒருவர்தான் குனிந்து இறங்கமுடியும், அம்மா மேலேயே நின்றார். உள்ளே சுவரில் சுதையில் செய்த இரண்டு ஆந்தைகள், சிறகு விரித்து, வாசலைப் பார்த்தபடி. அப்பா இறங்கி, உள்ளறை வரை போகாமல், அந்த ஆந்தைகள் முன்னாலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. மேலே வந்ததும் காவலர் மூடியைப் போட்டுப் பூட்டினார்.